ஓர வரிசைக் கிழங்கு

மண்ணுக்கடியில், யார் கண்ணுக்கும் படாத இருட்டில் பருக்கும் ஒரு பொருளின் அளவை, மண்ணைத் தொடாமலேயே, இலையையும் வெயிலையும் மட்டும் கணக்கில் கொண்டு, இன்ன நாளில் இவ்வளவு என்று சொல்லிவிட முடிவது மனித அறிவின் மகத்தான வெற்றி. ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டர் எந்தக் கூட்டமானாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். மண்ணைத் தொடாமல் சொல்வதற்காக வாரத்துக்குப் பன்னிரண்டு செடிகளை வேரோடு தோண்டியெடுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். தோண்டுகிறவர்களை அந்தக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அது விட்டுப்போனது ஒருவருக்கும் தெரிவதில்லை.

தோண்டுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அளவுக்காரர். ஐம்பத்தைந்து வயது. விட்டம் அளக்கும் காலிப்பரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு வருவார். அளந்த எண்ணை வாய்விட்டு இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுதுவார். டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. மற்றவள், இந்தக் கணக்கைப் போடும் கம்ப்யூட்டர் மாடலைக் கட்டியவள். நிலையத்தில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. கதவுப் பலகையில் கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் போதவில்லை. வீட்டில் அவளுக்குப் பெயர் மில்லிமீட்டர். ஏழு வயதில், பங்கு போட்ட கேக்கை ஸ்கேல் வைத்து அளந்து, தம்பியின் துண்டு நான்கு மில்லிமீட்டர் பெரிசு என்று அழுததால் வந்த பெயர். நாற்பத்தேழு வயதாகியும் போகவில்லை.

மாடலில் மாயம் ஒன்றும் கிடையாது. உருளைக்கிழங்குச் செடியின் இலை எவ்வளவு வெயிலைப் பிடிக்கிறது, பிடித்ததில் எவ்வளவு கீழே இறங்குகிறது, இறங்கியதை எத்தனை கிழங்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் கொல்லும். ஒரு செடியில் ஆறு கிழங்கு என்றால் ஒவ்வொன்றும் கையை நிறைக்கும். பதினான்கு என்றால், குடும்பச் சொத்து மாதிரி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம், யாருக்கும் திருப்தியில்லை. இதை நாள்வாரியாக ஓட்டினால் திரையில் ஒரு கோடு வளைந்து வளைந்து ஏறும். அந்தக் கோட்டைப் பார்த்து, செடியின் இலையை வெட்ட வேண்டிய நாளைச் சொல்லலாம்.

அந்த நாளில்தான் எல்லாமே இருக்கிறது. இலையை வெட்டிவிட்டால் கிழங்கு அதற்குமேல் பருக்காது. இரண்டு வாரத்தில் தோல் இறுகும். பிறகு தோண்டி லாரியில் ஏற்றலாம். முந்திக்கொண்டு வெட்டினால் கிழங்கு பொடிசு. பிந்தினால் மழை பிடித்துக்கொள்ளும், கருகல் நோய் இலையில் வந்து கிழங்குக்கு இறங்கும். வெட்டிய இலையை ஒட்டவைக்க இதுவரை எந்த மாடலாலும் முடிந்ததில்லை.

அந்தப் பருவத்தில் மாடலுக்குக் கிடைத்த வயல் மில்லிமீட்டரின் அண்ணியுடையது.

போன வருடம் அறுவடை முடிந்த வாரத்தில் அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி. விடியட்டும் என்று அண்ணி காத்திருந்தாள், விடிந்ததும் வண்டிக்குச் சொன்னாள், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணி, வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா? என்னாலயா?" வந்தவர்கள் எல்லாரும் இல்லை என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று அண்ணிக்கும் தெரியும்.

அண்ணன் பெரிய விவசாய மேதை என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இலை வெட்ட அவர் அடித்துச் சொன்ன தேதிகளில் மூன்றுக்கு ஒன்று தப்பிப்போகும். சொன்ன தொனி மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது தம்பி பேச்சை எடுத்தான். குடும்பத்தில் அவன் பெயர் சின்னவன். உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீடு எதிர்வீடு, வயலும் அடுத்த வயல்.

"நீங்க எதுக்கு அண்ணி இந்த வயசுல கிடந்து அல்லாடணும்? நிலத்தை நான் பாத்துக்கறேன். நீங்க பொண்ணு வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

"பொண்ணு வீட்டுல எனக்கு எந்த ரூம்?" என்றாள் அண்ணி.

"ஏதோ ஒரு ரூம்."

"துணி காயப்போடற ரூம். போன தடவை போனப்ப அதுலதான் படுத்தேன். தலைக்கு மேல மாப்பிள்ளையோட பனியன் சொட்டிக்கிட்டே இருந்துச்சு."

சின்னவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான். மில்லிமீட்டர் மேஜையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு பருவம்" என்றாள் அண்ணி. "நான் பண்றேன். லாரி திரும்பி வந்துச்சுன்னா பம்ப் ஷெட் சாவியை உன் கையில குடுத்துட்டு பனியனுக்குக் கீழ போய்ப் படுத்துக்கறேன். சரியா?"

"நான் அப்படிக் கேக்கல அண்ணி..."

"நீ கேக்கல. நான் சொல்றேன்."

கிழங்கை வாங்கும் சிப்ஸ் தொழிற்சாலையில் பேச்சுக்கே இடமில்லை. நாற்பத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரி அப்படியே திரும்பும். எண்பத்தைந்துக்கு மேல் போன கிழங்கும் வேண்டாம். அவர்களுடைய இயந்திரத்தின் வாய் அவ்வளவுதான். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அண்ணியின் வீடு, அடுப்பு, தன் கட்டிலில் தானே படுக்கும் உரிமை எல்லாம் நின்றன.

"இலை வெட்டற தேதியை நான் சொல்றேன் அண்ணி" என்றாள் மில்லிமீட்டர். "அது ஒண்ணு மட்டும் என் பொறுப்பு."

அந்தச் சாவி சமையலறைக் கதவுப்பக்கம் ஓர் ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

*

நட்ட நாற்பத்திரண்டாம் நாள், முதல் தோண்டல். மில்லிமீட்டர் கையில் வயலின் வரைபடம். குலுக்கல் முறையில் எடுத்த பன்னிரண்டு இடங்களில் சிவப்புப் புள்ளி. அளவுக்காரர் மண்வெட்டியோடு நடு வயலை நோக்கி இரண்டு வரப்பு தாண்டியிருப்பார், வீட்டிலிருந்து அண்ணி ஓடிவந்தாள்.

"இந்தா, நடுவுல எங்க போறீங்க?"

"அங்கங்க ஒண்ணொண்ணா எடுக்கணும் அண்ணி. சீட்டு குலுக்கிப் போட்ட இடம்."

"சீட்டு குலுக்கி என் வயித்துல குழி தோண்டுவியா? ஒவ்வொரு கிழங்கா கண்ணு பாத்து வெட்டி, குனிஞ்சு குனிஞ்சு நட்டது. எதிர்ல ஒருத்தன் காலைல கண்ணு முழிச்சதும் இதைத்தான் பாக்கறான். நடுவுல ஓட்டை விழுந்துச்சுன்னா, அண்ணி வயலுக்குச் சொட்டை விழுந்துடுச்சுன்னு தெரு பூரா சொல்லுவான். ஓரமா எடுத்துக்கோ. அதோ, வாய்க்கால் பக்கம். எல்லாம் ஒரே விதைதானே?"

அளவுக்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம், கையேட்டுல நாலாம் பக்கம்... ஓர வரிசையில எடுக்கக் கூடாது, ஏற்கெனவே தோண்டின குழிக்குப் பக்கத்துலயும் கூடாது, ரெண்டு செடி விட்டு எடுக்கணும்னு..."

"தெரியும்ங்க. கையேடு நான் எழுதினது."

"அதனாலதான் மேடம் கேட்டேன்."

மில்லிமீட்டர் அண்ணியைப் பார்த்தாள். ஒரு வருடமாக யாரிடமும் எதுவும் வேண்டும் என்று கேட்காதவள், மூச்சு வாங்க நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள். ஓர வரிசைக்குச் சேர்த்து ஒரு கழிவு போட்டுக்கொண்டால் ஆயிற்று.

"சரி அண்ணி. ஓரமாவே எடுக்கறோம்."

அன்று மாலை மாடலில் ஓர வரிசைக்காக நான்கு சதவீதம் கழித்தாள். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு கட்டுரையின் பெயரைச் சொல்லியிருப்பாள். உண்மையில் அது அண்ணியின் முகத்திலிருந்து வந்தது.

வரிசை முழுவதும் கண்டபடி குழி வேண்டாம் என்று, போன வாரம் தோண்டிய இடத்தை ஒட்டியே அடுத்த வாரமும் தோண்டினார்கள். ஆறு குழிகள், ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு குழியும் இரண்டு பக்கமும் ஒரு செடி அகன்றது. தோண்டி முடித்ததும் அண்ணி இரண்டு டம்ளர் டீயைத் தட்டில் வைத்து வரப்புக்கே கொண்டுவருவாள். "மூணு ஸ்பூன் போட்டிருக்கேன், கலக்கிக்கோங்க" என்று அளவுக்காரரிடம் தனியாகச் சொல்வாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார்.

இப்போது அந்த ஓர வரிசைச் செடியின் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வாய்க்கால். இன்னொரு பக்கம் போன வாரக் குழி. தண்ணீருக்குப் போட்டியில்லை, வெயிலை மறைக்க ஆளில்லை. பத்துப் பேர் படுக்கும் அறையில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்த பிள்ளை மாதிரி அது கையைக் காலை நீட்டிப் படுத்து, நன்றாகச் சாப்பிட்டு, கொழுகொழுவென்று வளர்ந்தது. அதைத்தான் வாரா வாரம் தோண்டி அளந்தார்கள். அளவுக்காரர் எண்களை இரண்டு முறை சொன்னார். எந்த எண்ணிலும் தப்பில்லை.

எண்பதாம் நாளுக்கு மேல் திரையில் கோடும் புள்ளிகளும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டன. டைரக்டர் மில்லிமீட்டரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு புள்ளிகூட விலகல" என்றார்.

"இல்ல சார்."

"என்ன தேதி சொல்லுது?"

"தொண்ணூத்தியோராம் நாள். சராசரி ஐம்பத்து மூணு மில்லிமீட்டர்."

"விழா வைப்போம்" என்றார் டைரக்டர்.

வயலிலேயே விழா. கூடாரம், நூறு நாற்காலி, பெரிய இடத்து விருந்தாளிகள், வயலோரத்தில் ஒரு ராட்சதத் திரை. விருந்தாளி ஒருவர் பொத்தானை அழுத்தியதும் திரையில் கோடு ஏறும். கோடு ஐம்பத்து மூன்றைத் தொட்டதும் இயந்திரம் இலையை வெட்டத் தொடங்கும். செய்தி மறுநாளே பத்திரிகையில் தேதியோடு வந்துவிட்டது. சின்னவன் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தான்.

"அக்கா, கிழங்கு இன்னிக்கு எந்த மூட்ல இருக்காம்? கம்ப்யூட்டர்ல ஜுரம் கிரம் காட்டுதா?"

"உன் உடம்பு சுத்தளவும் காட்டுது. சொல்லவா?"

"வேணாம்" என்று போய்விட்டான். ஆனால் பத்திரிகையை எறியவில்லை, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

*

எண்பத்தெட்டாம் நாள், விழாவுக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணி வயலில் கிழங்கு எடுக்கப் போனாள். எப்போதும் கடையில்தான் வாங்குவாள்; தன் வயலில் இதுவரை ஒரு செடியைக்கூடத் தொட்டதில்லை. விழாவுக்கு ஓர வரிசை அழகாக இருக்கட்டும் என்று, அன்றைக்கு நடு வயலுக்குப் போய், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, இரண்டு செடி பிடுங்கினாள். கூடாரத்துக்கு இடம் பார்க்க வந்திருந்த மில்லிமீட்டர் சமையலறைக்குள் நுழைந்தபோது, கழுவிய கிழங்குகள் பாத்திரத்தில் இருந்தன.

"என்னம்மா, எல்லாம் பொடிப் பொடியா இருக்கு?"

"ரெண்டு செடியை வச்சு முடிவு பண்ணக் கூடாது அண்ணி. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"முறை இருக்கட்டும். இது இருக்கே, இது என்ன?"

மில்லிமீட்டர் ஒரு கிழங்கை எடுத்தாள். அளக்கத் தேவையிருக்கவில்லை. நாற்பது வருடமாக அளந்த கை.

அளவுக்காரரைக் கூட்டிக்கொண்டு நடு வயலுக்குள் போனாள். இந்த முறை புதிதாகக் குலுக்கிப் போட்ட சிவப்புப் புள்ளிகள் சொன்ன இடத்தில், இரண்டு செடி விட்டு, கையேட்டின் நான்காம் பக்கம் சொன்னபடி தோண்டினார்கள். நாற்பது செடிகள். அண்ணி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. பச்சை மெத்தை போலிருந்த வயலில் அங்கங்கே கறுப்பாகத் துளைகள் விழுந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது.

பம்ப் ஷெட் தரையில் சாக்கை விரித்து, கிழங்குகளைக் கொட்டி, அளவுக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணு. முப்பத்தொம்போது. முப்பத்தொம்போது. நாப்பத்தாறு. நாப்பத்தாறு."

அந்தச் சின்ன அறையில் வேறு சத்தமில்லை. மில்லிமீட்டர் எழுதினாள். நடுவில் ஒரு தடவை அவர் ஐம்பது என்றபோது இருவரும் அந்தக் கிழங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மறுபடி நாற்பது. எல்லாம் முடிந்து சராசரி வந்தது: நாற்பத்து மூன்று. ஓர வரிசையின் மாடல் அதே நாளுக்குச் சொன்னது ஐம்பத்தொன்றரை.

அளவுக்காரர் காலிப்பரைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பைகளை ஜீப்பில் ஏற்றப் போனார். நான்காம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதது அவருடைய பெருந்தன்மை. எடுத்திருந்தால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணி வாசலில் நின்றாள். "மூணு நாள்ல வெட்டியிருந்தா?"

"லாரி திரும்பியிருக்கும் அண்ணி."

"இப்ப வெட்டலல்ல?"

"வெட்டல. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்தா ஐம்பதைத் தொடும். மழை மட்டும் வராம இருக்கணும்."

அண்ணி தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்; கை ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது. பிறகு கேட்டாள்.

"எப்படிம்மா தப்பாச்சு? நான்தானே ஓரமா எடுக்கச் சொன்னேன். என்னாலயா?"

அதே குரல். ஒரு வருடமாக வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்ட குரல். உண்மையான பதில் மில்லிமீட்டரிடம் இருந்தது: நீங்கள் கேட்டது தெரியாமல், நான் சம்மதித்தது தெரிந்தே. தப்பு என்னுடையது. ஆனால் அந்தப் பதிலில் முதல் பாதி கேட்டதுமே அண்ணிக்குக் காது அடைத்துவிடும். இரண்டாம் பாதி உள்ளே போகாது. அண்ணியின் முகத்தை எத்தனை சதவீதம் கழிப்பது என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை.

"இல்ல அண்ணி" என்றாள். "அளவெடுத்ததுல கோளாறு. அவரு... காலிப்பரைக் கொஞ்சம் தளர்வாப் பிடிச்சிருக்காரு போல."

"அந்த மனுஷனா?" அண்ணி ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆளைப் பாத்தா அப்பாவி மாதிரி இருந்துக்கிட்டு! வாரா வாரம் மூணு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு உறிஞ்சிட்டு, பிடிக்கத் தெரியாமயா பிடிச்சாரு? என் வயலே போயிருக்குமே!"

ஒரு வருடத்துக்குப் பிறகு அண்ணி தன்னைத் தவிர வேறொருவர் மேல் கோபப்பட்டாள். முகத்துக்கு ரத்தம் வந்தது. நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போய், பாதியில் விட்ட சமையலைத் தொடர்ந்தாள். நல்ல நேரம் பார்த்து இதைத் திருத்திவிட வேண்டும் என்று மில்லிமீட்டர் நினைத்துக்கொண்டாள்.

*

டைரக்டர் அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை. ஓர வரிசை, ஒட்டிய குழிகள், நான்கு சதவீதம், எல்லாவற்றையும் சொல்லி, "முழுக்க என் தவறு சார், அளவுக்காரர் அன்னிக்கே எச்சரிச்சார்" என்று முடித்தாள். வீட்டில் செலவழிக்காத உண்மையெல்லாம் கையில் மிச்சமிருந்தது.

டைரக்டர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பெரிய முடிவுகளை அவர் அப்படித்தான் எடுப்பார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்.

"மாடல் தப்பா?"

"மாடல் தப்பில்ல சார். அதுக்கு நாம குடுத்ததுதான் தப்பு."

"அப்ப மாடல் சரி."

"வாய்க்கால் ஓரத்து முதல் வரிசைக்குச் சரி. மத்த வயலுக்கு..."

"முதல் வரிசைக்குச் சரிதானே?"

"ஆமா சார்."

"அப்ப விழாவை முதல் வரிசையில வைப்போம்."

வைத்தார்கள். நல்ல வெயில், ராட்சதத் திரையில் கோடு ஏறியதா இறங்கியதா என்று வெளிச்சத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏறியதாக ஒலிபெருக்கி சொன்னது, நூறு நாற்காலியும் கைதட்டியது. இயந்திரம் முதல் வரிசையை மட்டும் வெட்டிவிட்டு நின்றது. மற்ற வரிசைகள் அடுத்த கட்டத்தில் என்று அறிவித்தார்கள். டைரக்டர் கோட்டைக் கழற்றாமலே குழியோரம் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அதிலிருந்த பெரிய கிழங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் புகைப்படம் எடுத்தார்கள். அது இப்போது நிலையத்தின் வரவேற்பறையில் இருக்கிறது. கிழங்கின் அளவு தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். தொழிற்சாலை அதை வாங்காது.

கூட்டம் கலைந்த பிறகு மில்லிமீட்டர் தம்பியைத் தேடிப் பிடித்தாள். அவன் வயலும் அதே வாரம் நட்டது.

"டேய், இன்னிக்கு வெட்டிடாதே. பன்னெண்டு நாள் பொறு."

"பேப்பர்ல தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"பேப்பர் தப்பு. என் பேச்சைக் கேளு."

"கம்ப்யூட்டர் சொன்னதைத்தானே பேப்பர் சொல்லுது? இத்தனை பெரிய மனுஷங்க வந்து கைதட்டிட்டுப் போறாங்க. அண்ணி வயல்ல இன்னிக்கே வெட்டறாங்க, எனக்கு மட்டும் வேற தேதியா அக்கா? நாலு மில்லிமீட்டருக்கு அழுத ஆளாச்சே நீ. என்கிட்டயேவா?"

மறுநாள் வந்து மறுபடி சொன்னாள். அதற்குள் வெட்டியிருந்தான். பருவம் முழுக்க மாடலைக் கிண்டல் செய்தவன், அதை நம்பிய ஒரே விவசாயி ஆனான்.

*

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்கள். அண்ணி தினமும் காலையில் இலையைத் திருப்பித் திருப்பிக் கருகல் தேடினாள். மில்லிமீட்டர் அலுவலகம் போகும் முன்பும் வரும்போதும் வந்து நின்றாள். ஐந்தாம் நாள் மேகம் திரண்டு மாலைவரை தொங்கிவிட்டுக் கலைந்தது. ஒன்பதாம் நாள் தூறியது, கால்மணி நேரம். அண்ணி கையை வெளியே நீட்டியபடி அது நிற்கும்வரை கதவருகே நின்றாள். ஆணியில் சாவி இருந்தது.

சரியான செடிகளைக் கொடுத்துத் திரும்ப ஓட்டிய மாடல் நூற்று நான்காம் நாள் என்றது. நூற்று மூன்றாம் நாளே வெட்டினார்கள். அறிவியல் காரணம் எதுவுமில்லை. இலை வெட்டும் இயந்திரம் அன்றைக்குத்தான் ஓய்வாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து லாரி போனது. அண்ணி சாப்பிடவில்லை. மேஜையில் தொலைபேசியை வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள், மில்லிமீட்டர் எதிரே. மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. பொடிக் கிழங்கு பத்தில் ஒரு பங்குக்கு மயிரிழை குறைவு. லாரி திரும்பவில்லை.

அண்ணி அழுவாள் என்று மில்லிமீட்டர் நினைத்தாள். அண்ணி எழுந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "பசிக்குது" என்றாள்.

சின்னவனுடைய லாரி அதற்கு முந்தைய வாரமே திரும்பி வந்திருந்தது. அவன் வீட்டு வாசலில் கிழங்கு மூட்டைகள் பல நாள் கிடந்தன. நிலத்தைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை. அண்ணிதான் ஒரு நாள் போய், விதைக்கு ஆகும் என்று ஆறு மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நிலையத்தில் மில்லிமீட்டர் எழுதிய அறிக்கையில், ‘என் தவறான முடிவால்’ என்று இருந்ததை டைரக்டர் அடித்துவிட்டு, ‘எதிர்பாராத ஓர விளைவால்’ என்று மாற்றினார். இருந்தாலும் விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்தது, அளவுக்காரர் கேண்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "வேற யாராயிருந்தாலும் அளந்தவன் தலையில போட்டுட்டுப் போயிருப்பாங்க. மேடம் என்மேல ஒரு வார்த்தை விடல. அது மனசு."

இது இரண்டு பருவத்துக்கு முந்திய கதை. அண்ணி இப்போது நடு வயலில் தோண்ட விடுகிறாள். "எங்க வேணா தோண்டிக்கோ. ஆனா நீ பக்கத்துலயே நின்னு அளவைப் பாத்துக்கோ, சொல்லிட்டேன்" என்று அளவுக்காரர் காதுபடவே சொல்கிறாள். தோண்டி முடித்ததும் தட்டில் ஒரு டம்ளர் டீ வருகிறது. அளவுக்காரர் அந்த நேரத்தில் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போதெல்லாம் தனக்குச் சர்க்கரை ஆகாது என்று டிரைவரிடம் சொல்கிறார்.

மில்லிமீட்டர் அண்ணியிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. டீயை மிச்சம் வைப்பதுமில்லை.